துணைநிலை ஆளுநரின் நீலக் கொடி: வரைவதும் வெட்டுவதும் தைப்பதும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அரசரின் பிரதிநிதியாக இருக்கும் துணைநிலை ஆளுநரின் கொடியை வரைய வேண்டும் என்று வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு?" என்பதுதான். அதற்கு முன்னால் நான் இரண்டு விஷயம் கேட்பேன். எந்தப் பதவியின் கொடி? எந்த ஆண்டின் கொடி? இந்த இரண்டும் தெரியாமல் அளவுகோலைக் கையில் எடுத்தால் வரைந்ததெல்லாம் வீண். நாடு முழுவதற்கும் அரசரின் பிரதிநிதியான கனடாவின் ஆளுநர் நாயகத்துக்கே 1930இல் ஒரு கொடி, 1940இல் இன்னொன்று, 1990இல் வேறொன்று. துணியின் நீள அகலத்தை வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. நடுவில் நிற்கும் சின்னத்தையும் கிரீடத்தையும் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

ரொறன்ரோவில் கொடி தைக்கும் பட்டறை ஒன்றில் பல வருடம் வேலை செய்தேன். இப்போது ஸ்காபரோவில் வீட்டிலிருந்தே பள்ளிக்கூடக் கண்காட்சிகளுக்கும் மேடை நாடகங்களுக்கும் கொடி வெட்டித் தைத்துக் கொடுக்கிறேன். அரச பிரதிநிதிகளின் கொடிகளில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. தேசியக் கொடியைப் போல எல்லோரும் பார்த்துப் பழகியவை அல்ல என்பதால், இவற்றைப் பிழையாகச் செய்தாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற நினைப்பில் பலர் அசட்டையாகச் செய்கிறார்கள். எனக்கு அது பொறுக்காது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எந்தக் குடும்பத்துக் கொடி?

இந்தக் கொடிகளை மூன்று குடும்பமாகப் பிரித்துக்கொண்டால் வேலை லேசாகும்.

மூத்தது யூனியன் ஜாக் (பிரித்தானியாவின் தேசியக் கொடி) குடும்பம். 1869இல் விக்டோரியா அரசியின் உத்தரவுப்படி, குடியேற்ற நாட்டு ஆளுநர்கள் கப்பலிலோ படகிலோ செல்லும்போது, நடுவில் தங்கள் நாட்டின் சின்னம் வைத்த யூனியன் ஜாக் கொடியைப் பறக்கவிடலாம் என்று வந்தது. சின்னத்தைச் சுற்றிப் பச்சை இலைமாலை ஒன்று வரும். மற்ற இடங்களில் அது லாரல் இலை. கனடாவுக்கு மட்டும் மேப்பிள் இலை. இலங்கையில் இருந்த பிரித்தானிய ஆளுநரின் கொடியில் அந்த மாலைக்குள் யானை நிற்கும். இந்திய வைசிராயின் கொடியில் மாலை கிடையாது. யூனியன் ஜாக்கின் நடுவில் இந்திய நட்சத்திர விருதின் சின்னமும் அதற்கு மேல் கிரீடமும் இருக்கும்.

இரண்டாவது, நீலத் துணியில் தங்கச் சிங்கம் நிற்கும் குடும்பம். 1926இல் லண்டனில் நடந்த பேரரசு மாநாட்டில், ஆளுநர் நாயகம் என்பவர் அரசரின் பிரதிநிதிதான், பிரித்தானிய அரசாங்கத்தின் ஆள் அல்ல என்று தீர்மானமானது. பதவியின் பொருள் மாறினால் கொடியும் மாறத்தானே வேண்டும். கனடாவில் 1931இலும் அவுஸ்திரேலியாவில் 1936இலும் நியூசிலாந்தில் 1937இலும் யூனியன் ஜாக் போய், நீல நிலத்தில் பிரித்தானிய அரச முடிச்சின்னம் வந்தது: பெரிய கிரீடம் ஒன்று, அதன் மேல் முடி தரித்த சிங்கம், அடியில் நாட்டின் பெயர் எழுதிய நாடா. இலங்கை 1948இல் சுதந்திரம் பெற்றபின் 1972இல் குடியரசாகும்வரை அங்கே மகாதேசாதிபதி (ஆளுநர் நாயகம்) பறக்கவிட்டதும் இந்த வகைக் கொடிதான். நாடாவில் சிலோன் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும். இந்தியாவில் மவுண்ட்பேட்டனும் அவருக்குப் பிறகு 1948 ஜூன் முதல் 1950 ஜனவரிவரை ராஜாஜியும் பயன்படுத்திய கொடியும் இதே குடும்பம். அதில் நாடா இல்லை. சிங்கத்துக்கும் கிரீடத்துக்கும் கீழே இந்தியா என்ற சொல் தங்க நிற ஆங்கில எழுத்துகளில் நேராக நிற்கும்.

மூன்றாவது, கனடா தனக்கென்று வகுத்துக்கொண்ட நீலக் குடும்பம். 1981இல் ஆளுநர் நாயகத்தின் கொடியில் பிரித்தானிய முடிச்சின்னத்தை எடுத்துவிட்டு, கனடாவின் சொந்த இலச்சினையின் உச்சியில் இருக்கும் சிங்கத்தை வைத்தார்கள். அதன் வலக் கையில் சிவப்பு மேப்பிள் இலை. அந்தக் காலத்திலேயே மாகாணத் துணைநிலை ஆளுநர்களுக்கும் ஒரே அமைப்பு வந்தது: நீல நிலம், நடுவில் மாகாணக் கேடயம், மேலே கிரீடம், சுற்றிவரப் பத்துத் தங்க மேப்பிள் இலை. பத்து இலை பத்து மாகாணத்துக்கு.

எல்லா மாகாணமும் இதற்குள் வந்துவிடவில்லை. நோவா ஸ்கோஷியா பழைய யூனியன் ஜாக் அமைப்பையே வைத்துக்கொண்டது; நடுக் கேடயத்தைச் சுற்றிப் பச்சை மேப்பிள் மாலை. கியூபெக்கின் கொடி நீல நிலம்தான், ஆனால் நடுவில் வெள்ளை வட்டம்; அதற்குள் கேடயம், கிரீடம், மாகாண வாசகம். "பத்து இலை போட்டால் முடிந்தது" என்று இந்த இரண்டையும் ஒரே அச்சில் வார்த்துவிடாதீர்கள்.

அவுஸ்திரேலிய மாநில ஆளுநர்கள் இன்னொரு வழி. பெரும்பாலும் மாநிலக் கொடியையே எடுத்து, அதில் உள்ள மாநிலச் சின்னத்துக்கு மேல் ஒரு கிரீடத்தை வைப்பார்கள். குயின்ஸ்லாந்து யூனியன் ஜாக்கோடு நின்றுவிட்டது. விக்டோரியா மாநிலம் நிலத்தையே மாற்றியது: மாநிலக் கொடியில் நீலம் இருக்கும் இடம் ஆளுநரின் கொடியில் பொன்மஞ்சள்; வெள்ளை நட்சத்திரங்கள் சிவப்பாகும். துணி தேர்வு செய்யும்போது இது தெரியாவிட்டால் ஒரு முழுக் கொடி போய்விடும்.

ஒன்றுக்கு இரண்டு

இப்போது அளவுக்கு வருவோம். கனடாவின் நீலக் கொடிகள் 1:2 விகிதம். உயரம் ஒரு பங்கு, நீளம் இரண்டு பங்கு. அவுஸ்திரேலிய, நியூசிலாந்து ஆளுநர் நாயகங்களின் கொடியும் அப்படியே.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மாகாணக் கொடியின் விகிதம் வேறு, அந்த மாகாணத்துத் துணைநிலை ஆளுநரின் கொடியின் விகிதம் வேறு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மாகாணக் கொடி 3:5. நியூ பிரன்சுவிக் 5:8. இளவரசர் எட்வர்ட் தீவு 2:3. ஆனால் இந்த மூன்று மாகாணத்துத் துணைநிலை ஆளுநர் கொடியும் 1:2. மாகாணக் கொடியை அளந்து அதே பற்றனில் (வெட்டு மாதிரியில்) நீலத்துணி வெட்டினால், நீளம் குறைந்து சின்னம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒன்ராறியோவின் மாகாணக் கொடியும் 1:2 என்பதால் எங்கள் ஊரில் இந்தப் பிரச்சினை வருவதில்லை.

தைக்கிறவர்களுக்கு ஒரு சொல். 36 அங்குலத்துக்கு 72 அங்குலம் என்றால் அது தைத்து முடிந்த அளவு. மேலும் கீழும் மடிப்புக்கு ஒரு அங்குலமாவது விட வேண்டும். நுனிப் பக்கம்தான் காற்றில் முதலில் கிழியும்; அங்கே இரட்டை மடிப்பு மடித்து நாலு வரிசை தையல் போட வேண்டும், அதனால் அங்கே கூடுதலாக விடுங்கள். கம்பப் பக்கத்தில் வரும் வெள்ளைக் கன்வஸ் பட்டி 72 அங்குலத்துக்குள் சேராது. அதையும் சேர்த்து அளந்து, சின்னத்தின் நடுவைக் குறித்தால் சின்னம் கம்பத்தின் பக்கம் தள்ளிப் போய்விடும். நீலத்தை மட்டும் அளந்து நடுவைக் குறியுங்கள்.

ஒன்ராறியோக் கொடியைப் படிப்படியாக

நடுச்சின்னம் துணியில் எவ்வளவு இடம் பிடிக்க வேண்டும்? இலச்சினைக் கலையில் சட்டம் என்பது சொற்களில் எழுதிய விவரணைதான். "நீல நிலம், பத்துத் தங்க மேப்பிள் இலை சூழ்ந்த மாகாணக் கேடயம், மேலே அரச கிரீடம்" என்ற மாதிரி இருக்கும் அது. அந்தச் சொற்களை மீறாதவரை வரைபவருக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. ஆகவே கீழே நான் தரும் அங்குலக் கணக்கு என் பற்றன் கணக்கு; அரச கட்டளை அல்ல. வரையத் தொடங்குமுன் கனடிய இலச்சினை ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் அந்தக் கொடியின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆணையம் 1988இல் தொடங்கியது. பதிவேடு இணையத்திலேயே எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

36க்கு 72 கொடியை எடுத்துக்கொள்வோம். நீளத்தை மூன்றாகப் பிரியுங்கள்: 24, 24, 24. இரண்டு பக்கமும் வெறும் நீலம். நடுவிலுள்ள 24 அங்குலச் சதுரத்துக்குள்தான் சின்னம் முழுவதும். உயரத்தில் 24 என்றால் மேலே 6, கீழே 6 அங்குலம் நீலம் மிஞ்சும். சின்னம் கொடி உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. காற்றில் துணி மடிந்து பறக்கும்போதும் இந்த அளவில் இருந்தால் கேடயம் தெரியும். இதைவிடச் சின்னதாக வைத்தால் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு வெறும் மஞ்சள் பொட்டு.

துணியின் நடுப்புள்ளியில் கவராயத்தை ஊன்றி 10 அங்குல ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். இலைகளின் நடுக்கள் எல்லாம் இந்தக் கோட்டில் வரும். இலை ஒவ்வொன்றும் நாலரை அங்குல அகலம்.

அடுத்தது இலைகளைப் பங்கிடுவது. பலர் 360ஐப் பத்தால் வகுத்து 36 பாகைக்கு ஒன்றாக வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் கிரீடத்துக்கு இடம் கிடையாது. கிரீடம் ஒரு இலைமேல் ஏறி உட்காரும், அல்லது வட்டத்துக்கு வெளியே தள்ளிப் போகும். மேலே கிரீடத்துக்கென்று 72 பாகையை ஒதுக்கிவிடுங்கள். மீதி 288 பாகை. பத்து இலைக்கு நடுவே இடைவெளி ஒன்பது. 288ஐ ஒன்பதால் வகுத்தால் 32. கணக்கு அழகாக வந்து உட்காரும்.

அடியிலிருந்து தொடங்குங்கள். வட்டத்தின் அடிப்புள்ளியிலிருந்து இடமும் வலமும் 16 பாகையில் ஒவ்வொரு இலை. அங்கிருந்து 32, 32ஆகக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினால் 48, 80, 112, 144. ஒரு பக்கத்துக்கு ஐந்து.

என் அக்காவின் மகள் இதைக் கணினியில் இங்க்ஸ்கேப் என்ற வரையும் செயலியில் வரைந்துகொண்டிருந்தபோது கேட்டாள்: "சித்தி, அப்ப சரியா அடியிலை ஒரு இலையும் வராதோ?"

"வராது பிள்ளை. மேலை நடுவிலை கிரீடம். இலையோ பத்து, இரட்டை எண். பக்கத்துக்கு ஐந்து போனால் அடி நடுவிலை இடைவெளிதான் வரும்."

இது நல்ல சோதனை. நீங்கள் வரைந்த கொடியில் கேடயத்தின் கூர்முனைக்கு நேர் கீழே ஒரு இலை நின்றால், இலைகளை மறுபடி எண்ணுங்கள். ஒன்பதோ பதினொன்றோ இருக்கும்.

இலையின் சாய்வை ஊகித்துப் போடாதீர்கள். பதிவேட்டுப் படத்தைப் பார்த்து அதே சாய்வை வையுங்கள். இலையின் உருவமும் தேசியக் கொடியில் உள்ள பதினொரு முனை இலை அல்ல. இலச்சினை ஓவியர்கள் இலையை இன்னும் கொஞ்சம் உயிரோடு, நரம்பும் வளைவுமாக வரைவார்கள். தேசியக் கொடியின் இலையைக் கொப்பி பண்ணி மஞ்சள் பூசினால் விஷயம் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

சரி, கேடயம். அகலம் ஒன்பதரை, உயரம் 11 அங்குலம். மேல் விளிம்பு வட்டத்தின் நடுப்புள்ளிக்கு 5 அங்குலம் மேலே, கீழ் முனை 6 அங்குலம் கீழே. இப்படி வைத்தால் கேடயத்தின் மேல் மூலைகள் இரண்டும் இலைகளில் முட்டாது. ஒன்ராறியோக் கேடயத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை; அதில் புனித ஜோர்ஜின் சிவப்புச் சிலுவை அந்தப் பட்டையின் நாலு விளிம்பையும் தொட வேண்டும். கீழே பச்சை, ஒரே காம்பிலிருந்து கிளைத்த மூன்று தங்க இலை. 1868இல் விக்டோரியா அரசி வழங்கிய கேடயம் இது. மாகாணக் கொடியிலும் இதே கேடயம்தான் இருக்கிறது. நடு இலை உயர்ந்தும் பக்க இலை இரண்டும் சாய்ந்தும் நிற்கும். மூன்றையும் ஒரே உயரத்தில் வரிசையாக நிறுத்தாதீர்கள்.

கேடயத்துக்கு மேல் அரை அங்குலம் நீலம் விட்டுக் கிரீடம். அகலம் ஆறரை, உயரம் ஆறரை. மேல் இலை இரண்டுக்கும் நடுவே ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் இருக்கும், ஆகவே இரண்டு பக்கமும் விரல் நுழையும் அளவு நீலம் தெரியும். அந்த மெல்லிய நீலக் கோடு அவசியம். அது இல்லாமல் கிரீடத்தின் தங்கமும் இலையின் தங்கமும் ஒட்டிக்கொண்டால் தூரத்தில் எது எதுவென்று பிரிக்கவே முடியாது.

கிரீடத்தில்தான் ஆண்டு இருக்கிறது

ஒரு கொடி எந்தக் காலத்தது என்று அறிய நான் முதலில் பார்ப்பது கிரீடத்தின் வளைவை. மற்றெல்லாம் ஒன்றாகவே இருந்தாலும் அது காட்டிக் கொடுத்துவிடும்.

டியூடர் கிரீடத்தில் இரண்டு வளைவும் பக்கத்திலிருந்து எழும்பி உச்சிவரை உருண்டையாகப் போகும். அரைவட்டம் போல இருக்கும். புனித எட்வர்ட் கிரீடத்தில் வளைவுகள் எழும்பி, உச்சிக்கு வரும் இடத்தில் உள்ளே அமுங்கும். அந்தப் பள்ளத்தில் உருண்டையும் அதன்மேல் சிலுவையும் இருக்கும். இரண்டாம் எலிசபெத் பட்டத்துக்கு வந்தபின் புனித எட்வர்ட் வடிவத்தைத் தேர்ந்ததால், 1953ஐ ஒட்டி ஆளுநர் நாயகங்களின் கொடிகளிலும் கிரீடம் மாறியது. சிலோன் கொடியிலும் அப்படித்தான். 1948 சுதந்திர விழாக் காட்சியை மேடையில் போடுகிறீர்களா? உருண்டை வளைவு வேண்டும். 1960களின் காட்சி என்றால் அமுங்கிய வளைவு. ராஜாஜியின் கொடியில் அமுங்கிய வளைவு வந்தால் அது பிழை, ஏனென்றால் அந்தப் பதவியே 1950இல் முடிந்துவிட்டது.

1981க்குப் பிறகு வந்த கனடிய நீலக் கொடிகளில் நீங்கள் பார்ப்பது புனித எட்வர்ட் கிரீடம். 2023 மே மாதம் மூன்றாம் சார்ள்ஸ் முடிசூடியபோது கனடாவுக்கென்றே புதிய கிரீட வடிவம் ஒன்று அறிவித்தார்கள். அதில் மேப்பிள் இலைகளும் உச்சியில் பனித்துகளும் உண்டு. ஆகவே இன்றைய கொடி என்று சொல்லி வரைபவர்கள் பழைய படத்தை நம்பாமல், வரையும் நாளில் பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டே கிரீடத்தை வெட்டுங்கள்.

புனித எட்வர்ட் கிரீடத்தை நேர் முன்னால் இருந்து பார்ப்பதாக வரைவார்கள். அடியில் மணிகள் பதித்த பட்டை. அதற்குமேல் நடுவில் ஒரு முழுச் சிலுவை, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு லில்லிப் பூ, ஓரங்களில் பாதிப் பாதிச் சிலுவை. உண்மையான கிரீடத்தில் நாலு சிலுவையும் நாலு பூவும் சுற்றிவர இருக்கின்றன; முன்னால் நிற்பவர் கண்ணுக்கு இவ்வளவுதான் படும். ஓரத்தில் முழுச் சிலுவை போட்டால் கிரீடம் தட்டையாகி, தகட்டில் வெட்டியது போல ஆகிவிடும்.

பிரிட்டிஷ் கொலம்பியாக் கொடியை வரைபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதன் கேடயத்தின் மேற்பகுதி யூனியன் ஜாக். அதன் நடுவிலேயே ஒரு தங்கக் கிரீடம் உண்டு. அது வளைவே இல்லாத பழங்காலக் கிரீடம். கேடயத்துக்கு மேலே நிற்பது வளைவுள்ள அரச கிரீடம். ஒரே கொடியில் இரண்டு கிரீடம், இரண்டும் வேறு வேறு வடிவம். ஒரு பற்றனை வெட்டி, சிறிதாக்கி, இரண்டு இடத்திலும் பயன்படுத்தக் கூடாது.

ஆளுநர் நாயகத்தின் சிங்கம்

கனடா ஆளுநர் நாயகத்தின் கொடியில் இலை வட்டம் இல்லை, கேடயம் இல்லை, எழுத்தும் இல்லை. ஒரு சிங்கம், அது நிற்கும் முறுக்குத் துணி, கையில் ஒரு இலை. குறைந்த பொருள் என்பதால் ஒவ்வொன்றும் பெரிதாகத் தெரியும், பிழையும் பெரிதாகத் தெரியும்.

இந்தச் சிங்கம் நடக்கிறது. மூன்று கால் கீழே, வலது முன்காலைத் தூக்கி அதில் சிவப்பு மேப்பிள் இலையைப் பிடித்திருக்கும். முகம் நம்மை நேரே பார்க்கும். பழைய 1931 கொடியில், சிலோன் கொடியில், இன்றைய அவுஸ்திரேலியக் கொடியில் உள்ள பிரித்தானியச் சிங்கம் நாலு காலும் ஊன்றி நிற்கும். அதன் காலடியில் இருப்பது கிரீடம், முறுக்குத் துணி அல்ல. கால்களை எண்ணிப் பார்த்தாலே எந்தச் சிங்கம் என்று தெரிந்துவிடும்.

சிங்கத்தின் உடல் கம்பத்தைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். கொடியின் முன்பக்கத்தில் கம்பம் இடது கைப் பக்கம். ஆகவே சிங்கம் இடப்பக்கம் நடக்கும். ஒரு இடத்தில் அச்சடித்து வாங்கிய கொடியில் சிங்கம் கம்பத்துக்கு முதுகைக் காட்டி நின்றது. கொடி முன்னால் போக, சிங்கம் பின்வாங்கி ஓடுவதாக அர்த்தம் வரும். படத்தை யாரோ கணினியில் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அச்சுக்கு அனுப்புமுன் கம்பப் பக்கம் எது என்று படத்திலேயே பெரிதாக எழுதி அனுப்புங்கள்.

முறுக்குத் துணி வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி ஆறு முறுக்கு. மரபுப்படி கம்பப் பக்கத்தில் வெள்ளையில் தொடங்கும், சிவப்பில் முடியும். கனடாவின் இலச்சினை 1921இல் பிரகடனமானபோது வந்த நிறங்கள் இவை. நாட்டின் அதிகாரபூர்வ நிறங்களாகச் சிவப்பும் வெள்ளையும் நிலைத்ததும் அப்போதுதான். ஒவ்வொரு முறுக்கும் சாய்ந்த இணைகரம் போல வரும். செங்குத்தாக வெட்டினால் பாதசாரிக் கடவையின் கோடுபோல் ஆகிவிடும்.

மொத்த உயரத்தை இங்கே நான் கொஞ்சம் கூட்டி, 36இல் 27 அங்குலம் வைப்பேன், நாலில் மூன்று பங்கு. காரணம், சிங்கத்தின் உருவத்தில் நீலம் எட்டிப் பார்க்கும் இடங்கள் நிறைய: கால்களுக்கு நடுவே, வாலுக்குக் கீழே, தூக்கிய கைக்குக் கீழே. இலை வட்டத்தைப் போல அடர்த்தி இல்லாததால் அதே உயரத்தில் வைத்தால் மெலிந்து தெரியும். முறுக்குத் துணியின் நடுவைக் கொடியின் நடுக்கோட்டில் வையுங்கள். சிங்கத்தின் உடலைத் தனியாக நடுப்படுத்தப் போனால் கையும் இலையும் கம்பத்தின் பக்கம் துருத்தும்.

நாக்கும் நகமும் மறக்கக் கூடாது. 1999இல் ரோமியோ லெப்லாங்க் ஆளுநர் நாயகமாக இருந்தபோது நாக்கும் நகமும் இல்லாத சிங்கம் கொடிக்கு வந்தது. ஏட்ரியன் கிளார்க்சன் காலத்தில், 2002இல், அவை திரும்ப வந்தன. என்னைக் கேட்டால் திரும்ப வந்தது நல்லது. இலச்சினைச் சிங்கம் வீட்டுப் பூனை அல்ல. நாடகத்துக்கோ கண்காட்சிக்கோ 2000ஆம் ஆண்டுக் காட்சி வைத்தால் மட்டும் நகமில்லாத சிங்கத்தைப் போடுங்கள்.

நாடாவும் எழுத்தும்

நாடா உள்ள கொடிகளில் சிரமம் எழுத்தின் எண்ணிக்கையில் வருகிறது. சிலோன், கனடா என்றால் ஆங்கிலத்தில் ஆறே எழுத்து. அவுஸ்திரேலிய நாடாவில் "அவுஸ்திரேலியப் பொதுநலவாயம்" என்பது ஆங்கிலத்தில் 23 எழுத்து. ஆறு எழுத்துக்கு வரைந்த நாடாவில் 23ஐத் திணித்தால் எழுத்து எறும்பாகிவிடும். எழுத்தின் உயரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். 36 அங்குலக் கொடியில் இரண்டு அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள். பிறகு எழுத்துகளைக் கடதாசியில் எழுதி வளைவில் அடுக்கிப் பார்த்து, அந்த நீளத்துக்கு ஏற்ப நாடாவை வரையுங்கள். சில நாடுகள் நாடாவின் உருவத்தையே தங்களுடையதாக்கிக்கொண்டன: ஃபிஜியின் ஆளுநர் நாயகத்துக்கு 1970 முதல் 1987வரை இருந்த கொடியில் நாடா இருக்க வேண்டிய இடத்தில் அந்த மக்கள் மரியாதைப் பொருளாகக் கொடுக்கும் திமிங்கிலப் பல். அதன் மேல்தான் நாட்டின் பெயர். எனக்கு இந்தக் குடும்பத்திலேயே பிடித்த கொடி அது.

எழுத்து வந்தால் பின்பக்கத்தையும் யோசிக்க வேண்டும். நாங்கள் பட்டறையில் செய்த வழக்கமான வேலை இது: மஞ்சள் துணியை நீலத்தின் மேல் வைத்து ஓரத்தில் நெருக்கமான சிக்சாக் தையல் போட்டு, பின்னால் திருப்பி நீலத்தைக் கத்தரித்து எடுத்துவிடுவோம். ஒரே துணி இரண்டு பக்கமும் தெரியும். சிங்கத்துக்கு இது பொருத்தம். பின்பக்கத்திலும் அது கம்பத்தையே பார்க்கும். ஒன்ராறியோக் கேடயத்துக்கும் அநேகமாகச் சரி. ஆனால் எழுத்து பின்பக்கத்தில் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பிவிடும். ஆகவே நாடாவை மட்டும் இரண்டாக வெட்டி, நடுவில் வெளிச்சம் புகாத ஒரு துணி வைத்து, முன்னும் பின்னும் தனித்தனியாகத் தைக்க வேண்டும். கேடயத்தில் யூனியன் ஜாக் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் இதே முறை. அந்தச் சிவப்புச் சாய்வுக் கோடுகள் இடம் வலம் மாறினால் பிழை.

துணியும் நிறமும்

வெளியில் பறப்பதற்கு நைலோன். மண்டபத்துக்குள் நிறுத்த வேண்டுமானால் கொஞ்சம் பாரமான, மடிப்பு விழும் துணி. நீலம் என்றால் கடும் கடற்படை நீலம் அல்ல, அதைவிட வெளிச்சமான அரச நீலம். நியூசிலாந்தில் தேசியக் கொடியின் நீலம் கருமையானது, ஆளுநர் நாயகத்தின் கொடி அப்படியல்ல. 2008இல் அந்தக் கொடி சிங்கத்தை விட்டு நாட்டின் கேடயமும் கிரீடமுமாக மாறியபோதும் நிலம் அரச நீலமாகவே தொடர்ந்தது. தங்கத்துக்கு நல்ல முட்டைக் கரு மஞ்சள் போதும். சரிகைத் துணி வேண்டாம். வெயிலில் அது வெள்ளையாக அடிக்கும், மழையில் கறுக்கும். விவரங்களைக் கறுப்பு நூலால் எடுங்கள். இலை நரம்புக்கு ஒரு வரிசை, சிங்கத்தின் பிடரிக்கு இரண்டு வரிசை.

தைத்து முடித்ததும் சுவரில் குத்திவிட்டு அறையின் மறு கோடிக்குப் போய்ப் பாருங்கள். இலைகள் பத்தையும் எண்ண முடிகிறதா, கிரீடம் கேடயத்திலிருந்து பிரிந்து தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

பறக்கவிடும் முன்

இது பதவியில் இருப்பவரின் கொடி. அவர் அந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்பதற்கு அடையாளம். கடை வாசலிலோ கோவில் திருவிழாவிலோ அழகுக்காக ஏற்றக் கூடாது. கண்காட்சிக்கு வைத்தால் சுவரில் விரித்து, பதவியும் ஆண்டும் எழுதிய சிறு அட்டையைப் பக்கத்தில் வையுங்கள். மாகாண இலச்சினைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. விற்பனைக்கோ விளம்பரத்துக்கோ பயன்படுத்துவதானால் மாகாண அரசிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

நாடகக்காரர்கள் அடிக்கடி கேட்கும் ஒன்று: அரசர் இறந்த காட்சியில் இந்தக் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கலாமா? கூடாது. கனடிய விதிப்படி அரச குடும்பத்தின் கொடிகளும் அவர்களின் பிரதிநிதிகளின் கொடிகளும் அரைக்கம்பத்தில் பறப்பதில்லை. பக்கத்துக் கம்பத்தில் இருக்கும் தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் இறக்குங்கள். நீலக் கொடி உச்சியிலேயே இருக்கட்டும்.